உங்களுக்குத் தெரியுமா? நெட்டிலிங்கத்துக்குள் கூடாரம்!

வாசலில் நெட்டிலிங்க மரம் இருக்கிறதா? அடர்ந்த தழைக்குள் அண்ணாந்து பாருங்கள். குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலின் ஆண், சிறு கிளைகளையும் இலைகளையும் கடித்து உதிர்த்து, உள்ளே கவிழ்த்த குடைபோல் ஒரு கூடாரம் அமைத்திருக்கலாம். கட்டுவது ஒற்றை ஆண்; குடியேறுவதோ பெண்கள் கூட்டம்!

கொய்யா, அத்தி, வாழைப்பூத் தேன், இரவில் மலரும் இலவம்பூ எல்லாம் இந்த வௌவாலை வரவழைக்கும். பூச்சி தின்னும் சிறு வௌவால்களுக்குப் பழம் தேவையில்லை. பூச்சிமருந்து அடிக்காத தோட்டமே விருந்து. வௌவால்கள் போட்ட மிச்சத்தைக் காலையில் வாசல் கூட்டுகிறவர் பார்த்து முணுமுணுப்பார், அது வேறு விஷயம்.

வௌவால் கடித்துப் போட்ட பழத்தை மட்டும் சாப்பிடாதீர்கள். கீழே விழுந்துகிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது, குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.