கர்ப்பப்பையில் புற்றுநோயா? கலங்கவும் வேண்டாம், காலம் கடத்தவும் வேண்டாம்!

மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆன தாய்க்குத் திடீரென்று ரத்தம் படுகிறது. மகனிடம் சொல்லக் கூச்சம். ஐதராபாத் டாக்டரிடம் எந்த மொழியில் சொல்வது என்ற கவலை வேறு. "உடம்புச் சூடு" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். இப்படிக் கழியும் மாதங்கள்தான் ஆபத்தானவை.

முதலிலேயே தெரியும்

கர்ப்பப்பையின் உட்சவ்வில் தோன்றும் புற்றுநோய், பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ரத்தப்போக்கால் தன்னைக் காட்டிக்கொள்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு சிறிதளவு ரத்தம் கண்டாலும் டாக்டரிடம் போய்விட வேண்டும். அப்படி வருகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்கு வேறு கோளாறுகள். உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ள பெண்கள் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

ஸ்கேன் எடுத்து, உட்சவ்வில் துளி எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். நோய் கர்ப்பப்பையைத் தாண்டாதிருந்தால், கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிறார்கள். தேவைப்பட்டால் கதிர்வீச்சுச் சிகிச்சையும் உண்டு. இந்த நிலையிலேயே சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு.

எங்கே போவது?

ரெட்ஹில்ஸில் எம்.என்.ஜே. அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1955-ல் தொடங்கியது. பின்னாளில் குஜராத் கவர்னரான மெஹதி நவாஸ் ஜங்கின் பெயர் தாங்கியது.

பஞ்சாரா ஹில்ஸில் இருப்பது பசவதாரகம் ஆஸ்பத்திரி. சென்னையில் படங்களில் நடித்துப் புகழ் பெற்று, ஆந்திர முதல்வரானவர் என்.டி.ராமராவ். அவருடைய மனைவி பசவதாரகம் 1985-ல் புற்றுநோயால் இறந்தார். அவர் நினைவாக எழுந்த ஆஸ்பத்திரி 2000-ல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க ராமராவ் இல்லை, 1996-லேயே காலமாகிவிட்டார்.

செலவுக்கு வழி

ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளி, தன்னை நம்பியுள்ள பெற்றோருக்கும் சிகிச்சை பெறலாம். சனத்நகரில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உள்ளது. இந்த மாநில ரேஷன் கார்டு உள்ள ஏழைக் குடும்பங்களுக்காக 2007-ல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது.

மொழி தெரியாதவர்கள் தெலுங்கு தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்துப் போகலாம். எத்தனை நாளாக, எவ்வளவு ரத்தம் என்று சொன்னால் போதும், மீதியை டாக்டர் கேட்டுக்கொள்வார். ஆபரேஷன் முடிந்த பிறகும், சொன்ன தேதியில் தவறாமல் சோதனைக்குப் போக வேண்டும்.

அம்மா சொல்லக் கூச்சப்படுகிறாரா? மகளோ மருமகளோ கேட்டுவிட வேண்டும்.