“நீங்க போயிருவீங்க... நான் இங்கதானம்மா இருக்கணும்!” - மூணாறு டாக்ஸி பஞ்சாயத்தில் சிக்கித் தவிக்கும் சின்ன லாட்ஜ்காரர்கள்

காலை ஆறே கால் மணி. மூணாறில் பனி இன்னும் விலகவில்லை. அம்மாவின் பெரிய பெட்டியை லாட்ஜ் உரிமையாளரே தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்குகிறார். பின்னால் அப்பா, அம்மா, தம்பி, கடைசியாக நான். எங்கள் வண்டி லாட்ஜ் வாசலில் நிற்கவில்லை. இரண்டு வளைவு தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடை ஓரமாக விளக்கை அணைத்துவிட்டு நின்றது.

அப்பாவுக்கு முழங்கால் வலி. கொஞ்சம் கடுப்பாகவே கேட்டார். “ஏன் சார், டாக்ஸி வாசலுக்கு வரக் கூடாதா?”

“தாராளமா வரலாம் சார். ஆனா, நீங்க போயிருவீங்க. நான் இங்கதான இருக்கணும்?”

ஆப் மூலம் கொச்சி விமான நிலையத்துக்கு நாங்கள் புக் செய்திருந்த வண்டி அது. வெளியூர் வண்டி வந்து ஆள் ஏற்றுவதை ஸ்டாண்டு டிரைவர்கள் பார்த்துவிட்டால் தகராறு ஆகும் என்றுதான் இந்த ஏற்பாடு. அன்றைக்குப் பிரச்னை இல்லாமல் கிளம்பிவிட்டோம். ஆனால், அந்த மனிதர் சொன்ன பதில் மட்டும் மனதிலேயே நின்றது.

இந்தக் கட்டுரைக்காக மறுபடி மூணாறு போனேன். இந்த முறை பஸ்ஸில்!

ஊரறிந்த ஒரு வீடியோ

2025 அக்டோபர் இறுதியில் மூணாறு வந்த மும்பைப் பெண் ஒருவருக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. ஆப்பில் புக் செய்த டாக்ஸியில் ஏறவிடாமல் உள்ளூர் டிரைவர்கள் அவரை மறித்தார்கள். போலீஸைக் கூப்பிட்டார். வந்த போலீஸும் டிரைவர்கள் பக்கமே பேசியதாக அவர் வீடியோவில் சொல்ல, அது நாடு முழுக்கப் பரவியது. அதன் பிறகு டிரைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். இரண்டு போலீஸார் சஸ்பெண்ட் ஆனார்கள். கேரளாவில் ஆப் டாக்ஸிக்குத் தடை எதுவும் இல்லை என்று, அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த கே.பி.கணேஷ் குமார் சொன்னார்.

அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு சம்பவம். கேரள அரசு போக்குவரத்துக் கழகம், கண்ணாடி வைத்த டபுள் டெக்கர் பஸ்ஸை மூணாறிலிருந்து ஆனையிறங்கல் பக்கம் சுற்றிக்காட்டவிட்டது. எங்கள் பிழைப்பு போகிறது என்று டாக்ஸி டிரைவர்கள் கறுப்புக் கொடி காட்டினார்கள். அரசு பஸ்ஸுக்கே அந்த எதிர்ப்பு என்றால், ஒன்பது ரூம் வைத்திருக்கும் ஒரு லாட்ஜ்காரர் எந்த மூலைக்கு?

ஒன்பது ரூம் கணக்கு

பெட்டி தூக்கிய அதே அண்ணனைத்தான் முதலில் தேடிப் போனேன். சொந்த ஊர் போடி. கட்டடம் லீஸுக்கு. “பேரு போட்டுறாதம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் டீயே வரவழைத்தார்.

“பெரிய ரிசார்ட்டுக்கு டிராவல் டெஸ்க்கு இருக்கு, சொந்த மஞ்சள் போர்டு வண்டி இருக்கு. யூனியன்கிட்ட பேச மேனேஜர் இருக்காரு. இங்க ரிசப்ஷன், மேனேஜர், ரூம் பாய் எல்லாமே நாந்தான். புக் பண்ணாம வர்ற குடும்பம் நேரா டிரைவர்கிட்டதான ‘அண்ணே, நல்ல ரூம் எங்க இருக்கு?’ன்னு கேக்கும்? அவங்க கூட்டிட்டு வந்தா ரூம் வாடகையில ஒரு பங்கு கமிஷன். சீசன் இல்லாதப்போ எனக்குப் பாதி ரூம் ரொம்புறதே அவங்களாலதான். அவங்ககிட்ட முறைச்சுக்கிட்டா, ‘அந்த லாட்ஜா? தண்ணி வராது சார்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என் கதை முடிஞ்சுது.”

இன்னொரு பக்கம் கெஸ்ட். வாசலில் சத்தம் வந்தால் அவர்கள் யூனியனுக்கு ரிவ்யூ எழுதுவதில்லை, லாட்ஜுக்குத்தான் எழுதுகிறார்கள். “ரூம் சுத்தம், சாப்பாடு அருமை, ஆனால் டாக்ஸி தொல்லை” என்று ஒரு ஸ்டார் கொடுத்த ரிவ்யூவை போனில் காட்டினார். அதற்குக் கீழே பதிலாக ‘மன்னிக்கவும்’ என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார்.

கொஞ்ச நாள் தன் சொந்தக் காரில் பஸ் ஸ்டாண்டு போய் கெஸ்ட்டைக் கூட்டிவந்து பார்த்திருக்கிறார். மூன்றாம் நாளே ஸ்டாண்டில் வண்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். “வெள்ளை போர்டு வண்டியில எப்படிண்ணே ஆளு ஏத்துறீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். இவரிடம் பதில் இல்லை.

லயத்திலிருந்து ஸ்டீயரிங்குக்கு

கேள்வி கேட்டவர்களில் ஒருவரை ஸ்டாண்டில் பார்த்தேன். நாற்பது வயதுக்காரர். தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார்.

“எங்களை ரவுடின்னு எழுதிட்டுப் போயிடாதீங்க தங்கச்சி” என்றுதான் ஆரம்பித்தார். “நாங்க இருக்கிற லயம் கம்பெனியோடது. அம்மா ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும். மூணு தலைமுறையா இந்த மலையில இருக்கோம், ஒரு சென்ட் நிலம் கிடையாது. எனக்குச் சொத்துன்னா இந்த வண்டி ஒண்ணுதான். அதுவும் பாதி ஃபைனான்ஸ்காரனோடது.”

அவர் சொன்ன கணக்கையும் கேட்க வேண்டும். மஞ்சள் போர்டு வண்டிக்கு பர்மிட், வரி, சொந்தக் காரைவிட அதிக இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு வருடா வருடம். சம்பாத்தியமோ சீசனை நம்பித்தான். ஏப்ரல், மே, பூஜை லீவு, கிறிஸ்துமஸ் என்று சில வாரங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பொதுவாக மூடிவிடுவார்கள். “ஈ.எம்.ஐ-க்கு ஏது தங்கச்சி மழைக்காலம்?” என்கிறார்.

“சரிண்ணே, அதுக்காக ஒரு பொண்ணை நடுரோட்டுல மறிக்கலாமா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது தப்புதான். அன்னிக்கு நான் அங்க இருந்திருந்தாலும் கூட்டத்தோட நின்னிருப்பேனோ என்னவோ. ஆனா, அந்த வீடியோவுக்கு அப்புறம் இங்க எத்தனை ட்ரிப் கேன்சல் ஆச்சு தெரியுமா? அடி எங்களுக்கும்தான்.”

காலியாக ஓடும் வண்டிகள்

இரு தரப்பையும் கேட்ட பிறகுதான், சண்டையின் அடியில் இருக்கும் விஷயம் புரிந்தது. அது திரும்பி வரும் காலி வண்டி.

கொச்சி விமான நிலையத்திலிருந்து மூணாறு சுமார் 110 கிலோமீட்டர். கொச்சி டாக்ஸி ஒன்று ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. அதே நாளில் மூணாறு டாக்ஸி ஒன்று வேறு ஆளைக் கொச்சியில் இறக்கிவிட்டுக் காலியாக மலை ஏறுகிறது. இரண்டு வண்டியும் சேர்ந்து ஓடியது 440 கிலோமீட்டர், ஆள் இருந்தது 220 கிலோமீட்டர் மட்டும். மீதி 220 கிலோமீட்டர் டீசலுக்கும் சேர்த்துத்தான் பயணிகளிடம் வாடகை வாங்குகிறார்கள்.

இறக்கிவிட்ட கொச்சி டிரைவர், திரும்பும்போது ஆள் கிடைத்தால் குறைந்த வாடகைக்கே வருவார். எப்படியும் போக வேண்டிய வண்டிதானே! ஆப்பில் எங்களுக்குக் கம்மியாகக் காட்டியதும் அதனால்தான். ஆனால், அந்த ஒரு ட்ரிப்புக்காகக் காலையிலிருந்து வரிசையில் நிற்கும் உள்ளூர் டிரைவருக்கு, தன் தட்டிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. பயணிக்கு லாபம், கொச்சி டிரைவருக்கு லாபம், டீசலும் மிச்சம். நஷ்டம் முழுக்க ஸ்டாண்டுக்கு. ஆகவே, வரிசை அங்கேதான் வீம்பாக நிற்கிறது.

சட்டம் யார் பக்கம்?

ஒரு விஷயத்தில் டிரைவர்கள் பக்கம், இன்னொன்றில் எதிர்ப்பக்கம்.

வெள்ளை போர்டு வண்டியில் வாடகை வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 66-வது பிரிவுப்படி அதற்கு பர்மிட் வேண்டும். லாட்ஜ்காரர் சொந்தக் காரில் காசுக்கு கெஸ்ட்டைக் கூட்டிவந்தால், டிரைவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. ஆனால், அவர்கள் செய்ய வேண்டியது ஆர்.டி.ஓ-விடம் புகார் கொடுப்பது. வண்டியைச் சுற்றி நிற்பது இல்லை.

முறையான பர்மிட்டோடு வரும் மஞ்சள் போர்டு வண்டியில் பயணி ஏறுவதைத் தடுக்க எந்த யூனியனுக்கும் அதிகாரம் கிடையாது. வழிமறித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவில் வழக்குப் போடலாம். ‘எங்க ஸ்டாண்டு எல்லை’ என்பது டிரைவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. பயணியையோ லாட்ஜையோ அது கட்டுப்படுத்தாது.

இதை அந்த அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். “சட்டம் எனக்கும் தெரியும்மா. போன சீசன்ல ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு குழந்தைக்கு மூச்சுத்திணறல். ஆப்புல அந்த நேரத்துக்கு ஒரு வண்டி காட்டாது. காலையில யாருகூடச் சண்டை போட்டேனோ, அவனுக்குத்தான் போன் போட்டேன். ஏழு நிமிஷத்துல வந்து நின்னான். காசு வாங்கலை. மறுநாள் காலையில மறுபடி வாசல்ல சத்தம் போட்டான், அது வேற விஷயம். இவன்மேல நான் எப்படி கேஸ் குடுப்பேன்?”

பேசி முடித்த மூன்று விஷயம்

அந்த வீடியோவுக்குப் பிறகு, அவரும் பக்கத்து லாட்ஜ்காரர்கள் சிலரும் ஸ்டாண்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. வாய்வார்த்தையாக மூன்று விஷயம் முடிவானது.

முதலாவது, சுற்றிப் பார்க்கும் ட்ரிப்புக்கு ரேட் போர்டு. மாட்டுப்பட்டி - டாப் ஸ்டேஷன் பக்கம் எவ்வளவு, கேப் ரோடு - சின்னக்கானல் பக்கம் எவ்வளவு, மறையூர் - காந்தளூர் பக்கம் எவ்வளவு என்று ரிசப்ஷனிலேயே எழுதி ஒட்டியாகிவிட்டது. டிரைவர் அதற்கு மேல் கேட்கக் கூடாது, கெஸ்ட்டும் பேரம் பேசக் கூடாது.

இரண்டாவது, கெஸ்ட்டைக் கூட்டிவந்த வெளியூர் வண்டி அங்கேயே தங்கி, அவர்களையே திரும்பக் கூட்டிப்போனால் யாரும் கேட்கக் கூடாது. அந்த டிரைவர் படுக்க லாட்ஜில் டிரைவர் ரூமும் உண்டு.

மூன்றாவது, என்ன தகராறு என்றாலும் கெஸ்ட் முன்னால் பேசக் கூடாது. போன் செய்ய வேண்டியது லாட்ஜ்காரருக்கு.

இதில் நான்காவதாக ஆப் டாக்ஸியும் வந்திருக்க வேண்டும். அதைப் பேச ஆரம்பித்ததுமே கூட்டம் கலைந்துவிட்டதாம்.

ரேட் போர்டு வந்த பிறகு சுற்றிப் பார்க்கும் ட்ரிப்பில் சண்டை குறைந்திருப்பதாக டிரைவரும் ஒப்புக்கொள்கிறார். “முன்னாடி ஒருத்தன் ஒரு ரேட் சொல்வான், இன்னொருத்தன் அதுல பாதி சொல்வான். கெஸ்ட் எங்களையெல்லாம் ஃபிராடுன்னு நினைப்பாங்க. இப்ப போர்டைப் பாத்துட்டு நேரா வண்டியில ஏறிடறாங்க.”

ரூம் போடும் முன் கேளுங்க!

மூணாறு என்றில்லை, பல சுற்றுலா ஊர்களில் இதே பஞ்சாயத்து உண்டு. கோவாவில் ஆப் டாக்ஸிக்கு எதிராக ஸ்டிரைக்கே நடந்திருக்கிறது. குடும்பத்தோடு கிளம்பும் முன் இதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள்:

* வெளியிலிருந்து புக் செய்த டாக்ஸி வாசல் வரை வருமா, கிளம்பும்போது அதில் ஏறுவதில் சிக்கல் உண்டா என்று ரூம் புக் செய்யும்போதே போனில் கேளுங்கள்.

* பெரியவர்கள், குழந்தைகள் உடன் வந்தால், போக வரவும் சுற்றிப் பார்க்கவும் ஒரே வண்டியைப் பேசிக்கொள்வது நிம்மதி.

* உள்ளூர் வண்டி என்றால் எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம், பார்க்கிங் கட்டணம், டிரைவர் பேட்டா சேர்த்தா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

* வாடகைக்கு எடுக்கும் வண்டி மஞ்சள் போர்டுதானா என்று பாருங்கள். வெள்ளை போர்டு வண்டி வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பது கஷ்டம்.

* யாராவது வழிமறித்தால் வண்டியை விட்டு இறங்கி வாக்குவாதம் வேண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு 112-க்கு அழையுங்கள்.

* ரிவ்யூ எழுதும்போது, தவறு லாட்ஜுடையதா, ரோட்டில் நின்றவர்களுடையதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒன்பது ரூம்காரருக்கு ஒரு ஸ்டார் என்பது சின்ன அடி இல்லை.

வாசல்

கிளம்பும்போது அண்ணன் தன் போனை நீட்டினார். ரூம் புக் செய்பவர்களுக்கு அனுப்ப ஒரு மெசேஜ் எழுதி வைத்திருக்கிறார். எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொன்னார்.

‘வணக்கம். உள்ளூர் டாக்ஸி ரேட் இத்துடன் இணைத்துள்ளோம். நீங்களே வெளியில் டாக்ஸி புக் செய்திருந்தால் முன்கூட்டியே சொல்லவும். எங்கே ஏறுவது என்று நாங்கள் சொல்கிறோம். பெட்டி தூக்க ஆள் அனுப்பப்படும்.’

பிழை எதுவும் இல்லை. “‘எங்கே ஏறுவது’ங்கிற இடத்துல ‘வாசல்’னே போட்டுறலாமேண்ணே?” என்று கேட்டேன்.

போனை வாங்கி மறுபடி ஒருமுறை படித்தார்.

“அடுத்த சீசனுக்குப் போட்டுப் பாப்போம்மா” என்றார்.