ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால் அது சளியா?

கொடைக்கானல் மலையில் மூக்கு ஒழுகினால் யாரும் பதறுவதில்லை. பனி, குளிர், மிஞ்சிப்போனால் பீனிசம். வெந்நீரில் நாலு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், பெரும்பாலும் ஆகிவிடும். ஆனால் ஒரே துவாரம் மாதக்கணக்கில் அடைத்து, நாற்றமடிக்கும் சீழும் அவ்வப்போது ரத்தமும் வந்தால் அது சளி அல்ல. உள்ளே கல் இருக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டியாகவும் இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

அம்மா பட்டாணி உரிக்கிறாள். பக்கத்தில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்து மூக்கில் செருகிக்கொள்கிறது. பட்டாணி ஊறி வீங்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பாசிமணியும் சட்டைப் பொத்தானும் அப்படியல்ல, ஆண்டுக்கணக்கில் தங்கும். வெந்நீர்ப் பானையின் அடியில் உப்புப் படிவதுபோல, மூக்குநீரிலுள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் அதன்மேல் படலம் படலமாகப் படிந்து சாம்பல் நிறச் சொரசொரப்பான கல்லாகிவிடும். 1654-இல் டென்மார்க் மருத்துவர் பார்த்தலின் எழுதிவைத்த மூக்குக்கல்லின் நடுவில் இருந்தது ஒரு செர்ரிக் கொட்டை. சிலருக்கு உறைந்த ரத்தமோ இடம் மாறி முளைத்த பல்லோ கல்லுக்குக் கருவாகிவிடும். அபூர்வமாகச் சைனஸ் அறைக்குள்ளும் கல் உண்டாகும். கவனிக்காமல் விட்டால் மூக்கின் நடுச்சுவரும் அண்ணமும் ஓட்டையாகலாம்.

கொண்டை ஊசியால் நோண்டாதீர்கள். பொருள் பின்னால் நழுவி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். பொம்மையின் பொத்தான் பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். 108-ஐ அழையுங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். கல்லை மூக்குவழியாகவே எடுத்துவிடலாம், பெரிதானால் உடைத்து எடுப்பார்கள். மலையிலிருந்து இறங்கும் பஸ் செலவை நினைத்தே பலர் ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். திண்டுக்கல், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தனியார் மருத்துவமனை என்றால், சேரும் முன்பே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று கேளுங்கள்.

என்ன அறுவை, என்ன ஆபத்து என்று புரியும்படி சொன்ன பிறகே கையெழுத்துக் கேட்க வேண்டும். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி, எழுத்தில் கேளுங்கள். காசு கட்டிய சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தால், இரண்டு ஆண்டுக்குள் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். முழுக்க இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே முதலில் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள், பிறகு முதல்வரின் உதவி எண் 1100-ஐ அழையுங்கள். ஸ்கேன் படத்தையும் ரசீதையும் மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.