உழைப்போரும் வழிச்செல்வோரும் நலம் பெற ஊர்தோறும் பயிற்சி பெற்ற தொண்டர்

உழவர் ஒருவர் எருதுகளை ஏரிலிருந்து அவிழ்த்ததும் முதலில் அவற்றின் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். நுகத்தடி அழுத்திய இடத்தில் புண் உண்டா, நடையில் நொண்டல் உண்டா என்று கவனிப்பார். பிறகு நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுவார். டிராக்டர் வந்துவிட்ட ஊர்களிலும் எண்ணெயும் தண்ணீரும் பார்க்காமல் எவரும் வண்டியை வயலில் இறக்குவதில்லை.

அந்த அக்கறையில் ஒரு பங்கினைக்கூட நம் உழைப்பாளர் தம் உடம்பின்மீது செலுத்துவதில்லை. இடுப்பு வலித்தால் தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் நடவுக்குச் செல்கின்றனர். தலை சுற்றினால் வெயில் என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். கூலிக்கு உழைப்பவருக்கு உடம்பு ஒன்றே முதல். அது ஒரு மாதம் படுத்துவிட்டால் வீட்டில் கடன் ஏறும்; பிள்ளையின் படிப்பும் தடைப்படும். ஆகவே, உழைப்போரின் உடல்நலம் அவரவர் சொந்தக் காரியம் மட்டுமன்று. ஊரின் வாழ்வைச் சார்ந்த பொதுக் காரியமாகும். இந்நலத்தைக் காக்கப் பயிற்சி பெற்ற சிலர் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். உழைப்போர் இருக்கும் இடத்துக்கே அவர்கள் செல்லுதலும் வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

“நாள் முழுதும் பாடுபடும் எங்களுக்கு உடற்பயிற்சி எதற்கு?” என்று பலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. நாற்று நடுபவர் மணிக்கணக்கில் குனிந்த நிலையிலேயே இருக்கிறார். மண் சுமப்பவரின் கழுத்தும் தோளும் ஓயாமல் பாரத்தைத் தாங்குகின்றன. ஒரே தசைகள் ஒரே விதமாக, போதிய ஓய்வின்றி வேலை செய்வதால் அவை தேய்கின்றன. மற்றத் தசைகள் வலுவின்றிக் கிடக்கின்றன. உடற்பயிற்சியோ சிறிது நேரமே நடைபெறுவது. உடம்பின் எல்லாப் பகுதிகளையும் முறையாக இயக்கி, பின்பு ஓய்வும் தருவது. நாள் முழுதும் பளுவான வேலை செய்வோருக்கு, உடற்பயிற்சியால் இதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவ்வேலையால் கிடைப்பதில்லை என்பதை ஆய்வாளர்களும் கண்டுள்ளனர்.

இதற்கு நீண்ட நேரம் தேவையில்லை. நடவு நடுவோர் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் வைத்து, மெல்லப் பின்புறம் சாய்ந்து ஐந்து தடவை மூச்சு வாங்கினால் முதுகெலும்பின் அழுத்தம் குறையும். வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளை அசைத்துக்கொள்வது நன்று. ஆயினும் இவற்றைச் சரியாகச் செய்து காட்ட ஒருவர் வேண்டும். முன்பே முதுகில் நோய் உடையவர் எதனைச் செய்யலாகாது என்று சொல்லவும் ஒருவர் வேண்டும்.

உடற்பயிற்சி வல்லுநரை உருவாக்குவது நமக்குப் புதிதன்று. 1920-ஆம் ஆண்டிலேயே ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகத் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இத்தகைய இடங்களில் பயின்றோர் பலர் பள்ளிகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் நற்பணி ஆற்றுகின்றனர். அந்த அறிவு களத்துமேட்டுக்கும் லாரி நிலையத்துக்கும் செல்லவேண்டும்.

வீடு தேடி வரும் மருத்துவமும் வயலில் நிற்கும் உழைப்பாளியும்

தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கின்றனர். மருந்துகளை வீட்டிலேயே சேர்ப்பிக்கின்றனர். படுக்கையில் உள்ளோருக்கு இயன்முறை மருத்துவர்களும் நோய் ஆதரவுச் செவிலியர்களும் உதவுகின்றனர். இப்பணிக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. தொண்டர் பகலில் வீட்டுக்கு வரும்போது முதியோரே இருப்பர். நாற்பது வயது உழைப்பாளியோ வயலிலோ செங்கல் சூளையிலோ வண்டியிலோ இருப்பார். மிகுதியாகச் சோதிக்கவேண்டியவரே சோதனையிலிருந்து தப்பிவிடுகிறார். இக்குறையை உணர்ந்தே அரசு 2024-இல் இப்பணியைத் தொழிற்கூடங்களுக்கும் விரித்தது. தொழிற்சாலையைப் போலவே வயலும், களமும், சாலை போடும் இடமும் பணியிடங்களே. அவற்றுக்குத் தொண்டரை அழைத்துச் செல்லும் பொறுப்பினை ஊராட்சி ஏற்றல் வேண்டும்.

தொண்டர் கற்கவேண்டிய பாடங்கள்

முதற்பாடம், சுமை தூக்கும் முறை. இடுப்பை வளைத்துக் குனிந்து தூக்குவதே பலருடைய முதுகு நோய்க்குக் காரணம். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, சுமையை மார்போடு அணைத்துக் கால்களின் வலுவால் எழவேண்டும். தூக்கிய பின் இடுப்பை முறுக்கித் திரும்பாமல், பாதங்களை நகர்த்தித் திரும்பவேண்டும். ஓர் ஆடவர் தனியே சுமக்கத்தக்க பளுவின் உச்ச அளவாக 55 கிலோவைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் மூட்டை 40 கிலோவாக இருப்பது இவ்வகையில் நன்மையே. மற்ற இடங்களிலும் பெரிய மூட்டைகளை இருவர் சேர்ந்து தூக்குவதை வழக்கமாக்கலாம்.

இரண்டாம் பாடம், வெயில். வியர்வை உலரும்போதே உடம்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உடம்பின் சூடு ஏறிக்கொண்டே போகும். தாகம் எடுக்கும்வரை காத்திருத்தல் தவறு. கடும் வெயிலில் உழைப்போர் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் பருகவேண்டும். வெயிலுக்குப் பழகாத புதிய ஆளை முதல் நாளே முழு வேலையில் ஈடுபடுத்தலாகாது. முதல் நாள் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயிலில் நிறுத்தி, நாளுக்கு ஒரு பங்காக உயர்த்தவேண்டும். வெப்பத்தால் நேரும் இறப்புகள் பெரும்பாலும் வேலைக்கு வந்த முதல் சில நாட்களில் நேர்வதே இதற்குக் காரணம்.

உழைப்பவர் பிதற்றினாலோ, தடுமாறினாலோ, மயங்கினாலோ அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும், 108-ஐ அழைக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு 2024-இல் அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவியும் வகுத்தது. ஆயினும், இறந்தபின் கிடைக்கும் உதவியினும் இறவாமல் காக்கும் ஒரு குடம் தண்ணீர் மேலானது அன்றோ?

மூன்றாம் பாடம், மறைந்திருக்கும் நோய். இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்னும் அளவை வெவ்வேறு நாட்களில் எட்டினாலும் கடந்தாலும் மருத்துவரைக் காணவேண்டும். வலி ஏதும் இராததால் பலர் இதனை அறியாமலே வாழ்கின்றனர். திடீரென முகம் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை சோர்ந்து விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் அது பக்கவாதத்தின் அடையாளம். நாலரை மணி நேரத்துக்குள் தகுந்த மருத்துவமனையை அடைந்தால், உறைந்த இரத்தக் கட்டினைக் கரைக்கும் மருந்து பலருக்குப் பயன்படும். மார்பு வலிக்கும் காலம் தாழ்த்தலாகாது. ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ், 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குரிய முதல் மருந்துகள் வழங்கப்படுகின்றன.

வழிச்செல்வோர் நலம்

உழைப்போரைப் போன்றே வழிச்செல்வோரும் நம் கவனத்துக்கு உரியவர். நம் ஊர் இளைஞர் பலர் லாரியும் பேருந்தும் ஓட்டிப் பிழைக்கின்றனர். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஓட்டுநரின் வேலையை நாளுக்கு 8 மணி என வரையறுத்தது. எனினும் பலர் அதற்கும் மேலாக அமர்ந்தே இருக்கின்றனர். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்ந்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகும் என உலக சுகாதார நிறுவனம் 2007-இல் தெரிவித்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பதும், குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும் எளிய காப்பாகும்.

தைப்பூசக் காலத்தில் பழனிக்கு நடந்து செல்வோர் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகத் திரள்வதை யாவரும் அறிவர். வழியிலுள்ள ஊர்கள் அன்னமும் மோரும் வழங்குவது தொன்றுதொட்டு வரும் அறம். அந்தப் பந்தலிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்தால் அறம் மேலும் சிறக்கும். சர்க்கரை நோய் உடையோருக்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கும். கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. இரவில் தங்குமிடத்தில் உள்ளங்காலைப் பார்த்து, கழுவி, கட்டுப் போட்டு அனுப்பினால் பின்னர் கால் இழக்கும் துன்பம் தவிர்க்கப்படலாம். மருந்துண்போர் நடைநாட்களிலும் மருந்தை நிறுத்தாதிருக்க நினைவூட்டலாம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? எவ்வாறு பயிற்றுவது?

இதற்குப் பெரும் படிப்பு வேண்டும் என எண்ணி அஞ்சவேண்டியதில்லை. மராட்டிய மாநிலத்தில் ஜாம்கேட் என்னும் ஊரில் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் 1970-இல் ஊரக நலப்பணி தொடங்கினர். எழுத்தறிவு மிகக் குறைந்த கிராமப் பெண்களையே நலத் தொண்டர்களாக்கினர். ஒரே தடவை கற்பித்து அனுப்பிவிடாமல், மீண்டும் மீண்டும் அழைத்து, ஊரில் கண்டவற்றைச் சொல்லக் கேட்டு, அதிலிருந்தே அடுத்த பாடத்தைக் கற்பித்தனர். அப்பணிக்காக இருவரும் 1979-இல் மகசேசே விருது பெற்றனர். தொடர்ந்த பயிற்சியே தொண்டரை உருவாக்கும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

ஆகவே, நடவு மகளிரில் ஒருவர், சுமை தூக்குவோரில் ஒருவர், ஓட்டுநர்களில் ஒருவர் எனத் தொழில்தோறும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தல் தகும். தம்மோடு சேற்றில் நின்றவரின் சொல்லை மக்கள் எளிதில் ஏற்பர். மருத்துவ அலுவலர், இயன்முறை மருத்துவர், பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஆகியோர் மாதம் ஒரு நாள் இவர்களுக்குப் பாடம் சொல்லலாம். தொண்டர் தம் எல்லையையும் கற்றல் வேண்டும்: அவர் மருந்து எழுதிக் கொடுப்பவர் அல்லர், கண்டறிந்து, முதலுதவி செய்து, மருத்துவரிடம் சேர்ப்பிப்பவர்.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஒன்று, வேலை தொடங்கும் காலை வேளையில் தொண்டர் களத்துக்கும் பணியிடத்துக்கும் செல்ல நாள் குறித்தல். இரண்டு, கோடையில் ஒவ்வொரு பணியிடத்திலும் நிழற்பந்தலும் குடிநீரும் அமைத்து, கடும் பளுவான வேலையை முற்பகலுக்குள் முடிக்குமாறு ஏற்பாடு செய்தல். மூன்று, முப்பது வயது கடந்த உழைப்பாளர் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்கப்பட்டனரா என்று பதிவேட்டில் காணுதல். நான்கு, நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள் தம் பந்தல்களிலும் சாவடிகளிலும் முதலுதவிப் பெட்டி வைத்தல்.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவைப்படாது. முன்கூட்டியே திட்டமிடுதலே தேவை. கோடை ஜனவரிக்குப் பின் வருவதால், ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபையிலேயே தொண்டர் பெயர்களை முடிவு செய்வது நன்று. உழைப்பாளர் நாளாகிய மே 1-ஆம் நாள் கூடும் சபையில், எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர், எத்தனை பேர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர் என்னும் கணக்கினை ஊரார் முன் படிக்கலாம். வரவு செலவுக் கணக்கைக் கேட்பதுபோல் இக்கணக்கையும் கேட்டுப் பெறும் ஊரில், உழைப்பவர் நோயினால் வீழ்ந்து குடும்பம் தவிக்கும் நிலை குறையும் என்பது உறுதி.