வீட்டுத்தோட்டக் குட்டை: அகழ்தலும் தளமிடுதலும்

உலர் வலயத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையுள்ள மாதங்களிற் பெய்துவிடுகின்றது. அக்காலத்தில் வளவிலே தேங்கும் வெள்ளம் வழிந்து வீதிவாய்க்காலைச் சேர்கின்றது. மாசி பிறந்ததும் அதே வளவிலுள்ள கத்தரியும் மிளகாயும் நீரின்றி வாடத் தொடங்குகின்றன. பூவும் பிஞ்சுமாக நிற்கும் பயிர், இறுதி ஐந்தாறு கிழமைக்கு வேண்டிய நீர் கிடையாமையாற் கைவிடப்படுமாயின், அதுவரை இட்ட பசளையும் பட்ட பாடும் வீணாகும். வழிந்தோடும் மழைநீரை ஒரு சிறு குட்டையிற் சேமித்தல் இக்குறையை நீக்கும் எளிய வழியாகும்.

இடத்தைத் தெரிதல்

கூரைநீரும் முற்றத்து நீரும் இயல்பாக வந்துசேரத்தக்க தாழ்ந்த இடமே ஏற்றது. மலகூடக் குழி, மாட்டுக்கொட்டில் ஆகியவற்றிலிருந்து 50 அடியேனும் அப்பால் இருத்தல் நன்று. வீட்டுச் சுவரின் அருகிலும் பெருமரங்களின் அருகிலும் அகழலாகாது. மரவேர்கள் எத்தளத்தையும் துளைத்துவிடும். கடற்கரையை அண்டிய ஊர்களில் நிலத்தடி நீர்மட்டம் வரை அகழ்ந்தால் உவர்நீர் ஊறக்கூடுமாதலால், குழியின் அடி அம்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும்.

தெரிந்த இடத்தில் 3 அடி ஆழமான ஒரு சோதனைக் குழி வெட்டி நீர் நிரப்புக. முதல் நீரை மண் குடித்துவிடும். மீண்டும் நிரப்பி அடையாளம் இடுக. ஒருநாட் கழிந்தபின் நீர் அரை அங்குலத்துக்கு மேற் குறைந்திருப்பின், அக்குறைவு வெயிலினால் மட்டும் ஏற்பட்டதன்று, கசிவும் உண்டு. அத்தகைய நிலத்திற் தளமிடுதல் இன்றியமையாதது. மணல் நிலத்திலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலும் சோதனையின்றியே தளமிடலாம்.

அளவும் ஆழமும்

நீர்மட்டத்தில் 24 அடி நீளமும் 20 அடி அகலமும், அடியில் 9 அடி நீளமும் 5 அடி அகலமும், 5 அடி ஆழமும் உள்ள குட்டை 1,125 கன அடி நீரைக் கொள்ளும். இஃது ஏறக்குறைய 7,000 கலன், அதாவது 31,800 லீற்றர் ஆகும். பக்கங்கள் ஓரடி தாழ்வதற்கு ஒன்றரை அடி உள்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டிய பக்கம் முதல் மாரியிலேயே இடிந்துவிழும்.

500 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 260 கலன் நீர் கிடைக்கும். குட்டையின் வாயில் நேரே விழும் மழையும் இதற்குச் சற்றுக் குறைந்த அளவினதே. ஆகவே, சேதாரத்தையும் கழித்துப் பார்ப்பின், 18 அங்குல மழை இக்குட்டையை நிரப்பப் போதுமானது.

உலர் வலயத்தின் கோடை வெயில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் நீரை ஆவியாக்குகின்றது. இரண்டு மாதத்தில் இஃது ஓரடி ஆழமாகும். மேற்குறித்த குட்டையின் மேலோரடியில் மட்டும் மொத்த நீரின் மூன்றிலொரு பங்குக்கு மேல் உண்டு. அகன்று ஆழமற்ற குட்டை பயனற்றது என்பதற்கும், நிரம்பிய நீரைச் சேமித்து வைத்துப் பாராது உடனே பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். கொள்ளளவிற் பாதி ஆவியாகிப்போம் எனக் கொண்டாலும், 100 கன்றுகளுக்குக் கன்றொன்றுக்கு அரைக் கலன் வீதம் 70 நாட்கள் நீர் ஊற்றலாம். பாத்திகளை வைக்கோலால் மூடின் இன்னுஞ் சில நாட்களுக்குக் காணும்.

குழியை அகழ்தல்

ஆவணியில் வேலையைத் தொடங்கிப் புரட்டாதிக்குள் முடித்தல் வேண்டும். மேல்மண்ணை முதலில் வெட்டிப் பாத்திகளுக்கென ஒதுக்குக. கீழ்மண்ணைக் குழியின் விளிம்பைச் சூழ வரம்பாக இட்டு இறுக்குக. வரம்பு நீர்மட்டத்திலும் அரை அடியேனும் உயர்ந்திருக்க வேண்டும். நீர் புகும் வாயில் 2 அடிச் சதுரமான வண்டற்குழி ஒன்று அமைத்தாற் சேறு அதிலே தங்கும். மிகை நீர் வழியும் வாயைப் புற்பதித்து, வீட்டுக்கு எதிர்ப்புறமாக அமைக்க வேண்டும்.

களிமண் தளம்

ஈரமான மண்ணைப் பென்சிற் தடிப்பில் உருட்டி வளையமாக வளைக்கும்போது வெடிப்பு உண்டாகாவிடின் அது தளத்துக்கு ஏற்ற களியாகும். புற்றுமண்ணும் உதவும். குளத்துக் களியை உரிய அனுமதி பெற்ற பின்னரே எடுக்க வேண்டும்.

தளம் 9 அங்குலத் தடிப்பு இருத்தல் வேண்டும். இதற்கு இடம்விட்டு, குழியை 9 அங்குலம் கூடுதலாக ஆழமாக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்றரை அடி வரை அகலமாக்கி வெட்டுக. கல், வேர் நீக்கிய களியை நீர் விட்டுப் பிசைந்து, 3 அங்குலப் படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் காலால் மிதித்து இறுக்க வேண்டும். இக்குட்டைக்கு ஏறக்குறைய 6 கியூப் களி தேவைப்படும். முடிந்த பகுதியை ஈர வைக்கோலால் உடனே மூடுக. காய்ந்து வெடித்த களி நீரைத் தாங்காது. கோடையிலும் அடியில் அரை அடி நீரை எஞ்சவிடுதல் இதன்பொருட்டேயாம்.

பொலித்தீன் தளம்

களி அண்மையிற் கிடையாத இடத்தில் 1000 கேஜ் கருநிறப் பொலித்தீன் விரிப்பை இடலாம். இக்குட்டைக்கு 33 அடி நீளமும் 29 அடி அகலமும் வேண்டும். கூரிய கற்களையும் வேர்முனைகளையும் அகற்றி, எலிவளை, நண்டுவளைகளை அடைத்து, 2 அங்குலம் சலித்த மணலைப் பரப்பிய பின்னர், விரிப்பை இழுத்துக் கட்டாது தளர்வாக இடுக. ஓரங்களை வரம்பின் மேல் வெட்டிய சாலிற் புதைக்க வேண்டும். வெயில் படும் பொலித்தீன் விரைவில் நொறுங்கும். எனவே நீருக்கு மேலுள்ள பகுதியைப் புற்கட்டிகளால் மூடுக.

காவலும் பராமரிப்பும்

நனைந்த களியும் பொலித்தீனும் மிக வழுக்குவன. குட்டையில் வீழ்ந்த வளர்ந்தவர்க்கே கரையேறுதல் அரிது. குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலால் நீர் நிரம்புமுன்னரே 4 அடி உயர வேலி அடைத்து, தானே மூடிக்கொள்ளும் படலை இட வேண்டும். சீமைக்கிளுவைக் கதியால்கள் மட்டும் போதா; இடைவெளிகளைக் கிடுகாலோ கம்பிவலையாலோ அடைத்தல் அவசியம். ஒரு பக்கத்தில் முடிச்சிட்ட கயிறொன்றை உறுதியான கட்டையிற் பிணைத்து நீருக்குள் தொங்கவிடுக. இவ்விரண்டும் முடியாத குட்டையில் நீரைத் தேங்கவிடலாகாது.

2016 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுப்படுத்தியது. எனினும் அந்நோயைப் பரப்பவல்ல நுளம்புகள் அற்றுப்போகவில்லை. குட்டையிற் கப்பி மீன்களை விட்டால் அவை நுளம்புக் குடம்பிகளை உண்ணும். கரைப்புல்லையும் மிதக்கும் இலைகளையும் அகற்றுக. மருந்து தெளிக்கும் கருவிகளை இந்நீரிற் கழுவலாகாது. இது குடிப்பதற்கு உரிய நீருமன்று.

ஆண்டுதோறும் ஆவணியில் தளத்தைச் சுரண்டாது வண்டலை அள்ளிப் பாத்திகளில் இடுக. அது நல்ல பசளையாகும்.