அனுப்புநரின் சின்னம்: மின்னஞ்சலில் லோகோ வரும் வழி

ஒரு நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலுக்கு அருகே, அந்நிறுவனத்தின் லோகோவைச் சரிபார்த்த பிறகு மட்டும் காட்டும் ஏற்பாட்டுக்குப் பிமி என்று பெயர். 'பிராண்ட் இண்டிகேட்டர்ஸ் ஃபார் மெசேஜ் ஐடென்டிஃபிகேஷன்' என்பதன் சுருக்கம் அது. ஜிமெயிலிலும் வேறு சில அஞ்சல் செயலிகளிலும் அனுப்புநர் பெயரை ஒட்டி ஒரு சிறு வட்டம் இருக்கும். வழக்கமாக அதற்குள் பெயரின் முதலெழுத்து தெரியும். பிமியை முறையாக அமைத்துக்கொண்ட நிறுவனத்தின் அஞ்சலில் அந்த இடத்தில் லோகோ வருகிறது. வட்டத்துக்குள் படத்தை வைப்பது எளிது. அஞ்சல் உண்மையிலேயே அந்த நிறுவனத்திடமிருந்துதான் வந்தது என்று நிறுவுவதுதான் கடினம். பிமியில் செலவாகும் உழைப்பில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலைக்கே போகிறது.

மின்னஞ்சலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி விதிமுறையை ஜான் போஸ்டல் 1982-ல் வகுத்தார். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் பேசிக்கொண்ட காலம் அது. அனுப்புநர் சொல்லும் முகவரி அவருடையதுதானா என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. தபால் உறையின் மேல் ஓர் அனுப்புநர் முகவரியும், உள்ளிருக்கும் கடிதத் தலைப்பில் வேறொரு முகவரியும் எழுத முடிவதுபோல, மின்னஞ்சலிலும் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு. சர்வர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்வது உறை முகவரி. படிப்பவர் கண்ணில் படுவது 'ஃப்ரம்' வரியில் உள்ள முகவரி. இரண்டிலும் யாரும் எதையும் எழுதலாம் என்ற நிலைதான் வங்கியின் பெயரிலும் கூரியர் நிறுவனத்தின் பெயரிலும் போலி அஞ்சல்கள் பெருக வழிவிட்டது.

இந்த ஓட்டையை அடைக்க மூன்று முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றும் டொமைனின், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரின், டிஎன்எஸ் எனும் பொதுப் பதிவேட்டில் உள்ள பதிவுகளையே நம்பியிருக்கின்றன. டொமைனின் உரிமையாளரைத் தவிர வேறு யாரும் அந்தப் பதிவுகளை மாற்ற முடியாது என்பதே அவற்றின் பலம்.

முதலாவது எஸ்பிஎஃப். இந்த டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியலை உரிமையாளர் டிஎன்எஸ்ஸில் வெளியிடுகிறார். அஞ்சலைப் பெறும் சர்வர் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆனால் அது சோதிப்பது உறை முகவரியை மட்டுமே. படிப்பவர் காணும் 'ஃப்ரம்' முகவரியை அது தொடுவதில்லை. அஞ்சல் வேறொரு சர்வர் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டால் இந்தச் சோதனை பெரும்பாலும் தோற்றுவிடும்.

இரண்டாவது டிகிம். யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியாக உருவாக்கிய இரு திட்டங்கள் இணைந்து 2007-ல் இது பொதுத் தரமாக வெளிவந்தது. அனுப்பும் சர்வர் தன்னிடமுள்ள ரகசியச் சாவியால் அஞ்சலின் மீது ஒரு டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. அதற்கு இணையான பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் கிடக்கும். கையொப்பத்துக்கு உட்பட்ட பகுதியில் வழியில் ஓர் எழுத்து திருத்தப்பட்டாலும் கையொப்பம் பொருந்தாது. திருத்தப்படாமல் எத்தனை சர்வர்களைக் கடந்து வந்தாலும் பொருந்தும். மூன்றில் உறுதியானது இதுதான்.

மூன்றாவது டிமார்க். 2012-ல் அறிவிக்கப்பட்டு 2015-ல் ஆவணமாக வெளியான இது, விடுபட்டிருந்த கண்ணியைக் கோர்த்தது. எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. தேர்ச்சி பெற்ற டொமைன், படிப்பவர் காணும் 'ஃப்ரம்' முகவரியின் டொமைனோடு பொருந்தவும் வேண்டும் என்கிறது டிமார்க். பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்பதையும் உரிமையாளரே அறிவிக்கலாம். எதுவும் செய்ய வேண்டாம் என்பது 'நன்'. ஸ்பேம் பெட்டியில் போடுங்கள் என்பது 'குவாரன்டைன்'. வாங்காமலே திருப்பி விடுங்கள் என்பது 'ரிஜெக்ட்'.

சரிபார்த்த அஞ்சலைச் சின்னத்தால் அடையாளம் காட்டும் முறைக்கு, பிமிக்கு முன்பே ஒரு முன்மாதிரி இருந்தது. பேபால் நிறுவனம் 2007 முதல் யாஹூவோடும், அடுத்து ஜிமெயிலோடும் தனியாகப் பேசி, தன் பெயரில் கையொப்பமின்றி வரும் அஞ்சல்களைத் தடுக்க ஏற்பாடு செய்தது. 2009-ல் ஜிமெயில், பேபால் மற்றும் ஈபே நிறுவனங்களின் உண்மையான அஞ்சல்களுக்கு அருகே சாவி வடிவச் சின்னம் காட்டும் சோதனை வசதியை அளித்தது. சரிபார்ப்பின் முடிவைச் சாதாரண வாசகரும் கண்ணால் காணட்டும் என்ற எண்ணம் அப்போதே தோன்றிவிட்டது. இரண்டு நிறுவனங்களுக்குச் செய்ததை எல்லோருக்கும் பொதுவாக்கும் விதியைத்தான் பிமி தந்தது.

பிமியின் நுழைவு நிபந்தனை கடுமையானது. டொமைனின் டிமார்க் கொள்கை 'குவாரன்டைன்' அல்லது 'ரிஜெக்ட்' நிலையில், அஞ்சல் முழுவதற்கும் பொருந்துமாறு இருக்க வேண்டும். 'நன்' நிலையில் உள்ள டொமைனுக்கு லோகோ கிடையாது. இந்த நிபந்தனையே பிமியின் உண்மையான சாதனை என்று சொல்லலாம். பாதுகாப்புக்காக மட்டும் டிமார்க்கை இறுக்குங்கள் என்றால் பல நிறுவனங்களில் அந்தக் கோப்பு நகர்வதே இல்லை. லோகோ தெரியும் என்றதும் விளம்பரப் பிரிவே தொழில்நுட்பப் பிரிவை நெருக்குகிறது. பிமியை வடிவமைத்தவர்களும் இதை ஒரு நோக்கமாகவே வைத்திருந்தார்கள்.

நிபந்தனையை எட்டுவது ஒரு நாள் வேலையல்ல. பெரிய நிறுவனத்தின் பெயரில் சம்பளச் சீட்டு ஒரு சேவையிலிருந்தும், ரசீது இன்னொன்றிலிருந்தும், விளம்பர மடல் மூன்றாவதிலிருந்தும் கிளம்பும். அவசரப்பட்டு 'ரிஜெக்ட்' என்று அறிவித்தால் சொந்த அஞ்சல்களே திரும்பிவிடும். ஆகவே முதலில் 'நன்' நிலையில் வைத்து, பெறும் சர்வர்கள் அனுப்பும் டிமார்க் அறிக்கைகளைப் படித்து, ஒவ்வொரு சேவையிலும் டிகிம் கையொப்பத்தைச் சரிசெய்து, படிப்படியாக இறுக்குவதே நடைமுறை. இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அதன்பின் லோகோ. ஜேபெக், பிஎன்ஜி ஏற்கப்படுவதில்லை. எஸ்விஜி வடிவத்தின் கட்டுப்படுத்தப்பட்ட வகையான 'எஸ்விஜி டைனி பிஎஸ்' மட்டுமே செல்லும். எஸ்விஜி கோப்புக்குள் நிரலையும் வெளி இணைப்புகளையும் புதைக்க முடியும் என்பதால், அவை எல்லாம் இந்த வகையில் விலக்கப்பட்டிருக்கின்றன, அசைவூட்டமும் கூடாது. படம் சதுரமாக, 32 கிலோபைட்டுக்குள் இருப்பது நல்லது. கோப்பைப் பாதுகாப்பான இணைய முகவரியில் வைத்து, அந்த முகவரியைச் சொல்லும் ஒரு வரியை டிஎன்எஸ்ஸில் பதிந்தால் பிமி பதிவு தயார்.

இன்னொருவரின் லோகோவைத் தன் டொமைனில் பதிந்துகொண்டால் என்ன ஆகும்? அதைத் தடுக்கவே விஎம்சி என்ற சான்றிதழ் வந்தது. லோகோ பதிவுபெற்ற வர்த்தக முத்திரையாக இருக்க வேண்டும். சான்றிதழ் தரும் அமைப்பு முத்திரைப் பதிவு, நிறுவனத்தின் சட்டப்பூர்வ இருப்பு, டொமைன் உரிமை, விண்ணப்பிப்பவரின் அடையாளம் ஆகியவற்றைச் சோதித்து, லோகோவையே சான்றிதழுக்குள் பொதிந்து தருகிறது. சான்றிதழ் வழங்கும் டிஜிசெர்ட் நிறுவனம் தன் முதல் விஎம்சியை 2019-ல் சிஎன்என் டொமைனுக்கு வழங்கியது. சான்றிதழைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு அதன் கட்டணம் பெரும் சுமை.

ஜிமெயில் 2020-ல் சோதனை தொடங்கி 2021 ஜூலையில் பிமியைப் பொதுவாக்கியது. ஆப்பிள் 2022-ல் ஐஓஎஸ் 16 உடன் சேர்ந்துகொண்டது. 2023 மே மாதம் முதல், விஎம்சி உள்ளவர்களின் பெயருக்கு அருகே ஜிமெயில் நீலநிற டிக் குறியும் காட்டத் தொடங்கியது. முத்திரைப் பதிவு இல்லாதவர்களுக்காக சிஎம்சி என்ற இன்னொரு சான்றிதழை 2024-ல் ஏற்றது. லோகோ குறைந்தது ஓராண்டாகப் பொதுப் பயன்பாட்டில் இருந்ததைக் காட்டினால் இது கிடைக்கும். ஆனால் நீல டிக் வராது.

நீல டிக் வந்த மறு மாதமே அதன் அடித்தளம் சோதனைக்கு உள்ளானது. யுபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் பெயரில் வந்த ஒரு போலி அஞ்சல் லோகோவோடும் டிக்கோடும் ஜிமெயிலில் தோன்றியதை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்டார். எஸ்பிஎஃப் பட்டியலில் பல நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது அஞ்சல் சர்வர்கள் இடம்பெறும்போது, அவற்றின் வழியே வேறொருவர் அனுப்பிய அஞ்சலும் தேர்ச்சி பெற்றுவிட முடியும். கூகுள் முதலில் இதைக் குறையாக ஏற்கவில்லை. பிறகு ஏற்று, லோகோவும் டிக்கும் பெற டிகிம் கையொப்பம் கட்டாயம் என்று விதியை மாற்றியது. எஸ்பிஎஃப் மட்டும் போதாது என்று வல்லுநர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லோகோ சொல்வது ஒன்றே ஒன்று: இந்த அஞ்சல், இந்த முத்திரைக்கு உரிய டொமைனின் அனுமதியோடு வந்தது. உள்ளடக்கம் நம்பத்தக்கதா என்று அது சொல்வதில்லை. ஊழியரின் கணக்கைத் திருடியவர் அனுப்பும் அஞ்சலிலும் லோகோ வரும். மறுபக்கம், லோகோ இல்லாததால் ஓர் அஞ்சலைப் போலி என்று முடிவுகட்டவும் முடியாது. எல்லா அஞ்சல் சேவைகளும் பிமியை ஏற்கவில்லை. ஏற்றவையும் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை. ஜிமெயில் சான்றிதழ் கேட்கிறது. யாஹூ சான்றிதழ் இல்லாமலும், அனுப்புநரின் நற்பெயரைக் கணக்கில் கொண்டு லோகோ காட்டுகிறது. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகும், ஒரு குறிப்பிட்ட அஞ்சலுக்கு லோகோ காட்டுவதா என்ற முடிவை, அஞ்சலைப் பெறும் சேவையிடமே விதிமுறை விட்டுவிடுகிறது.