தாழ்த்திய கூரைக்கு ஒரு கண்ணாடி
ஃபோர்டு கூப், 1932 மாடல்

1930, 40களில் தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் மூரோக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களை வேகப் போட்டிக்கு விட்டார்கள். எதிர்க்காற்றின் தடையைக் குறைக்க, தூண்களை அறுத்துக் கூரையைத் தாழ்த்தினார்கள்.

கூரை இறங்கினால் முன்கண்ணாடியின் உயரமும் குறைய வேண்டும். இந்தக் காரின் கண்ணாடி வளைவில்லாதது, ஆகவே வெட்டலாம். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சில்லுகள் சிதறாது. குறுக்கிய சட்டத்தில் அட்டையை வைத்து அளவெடுப்பார்கள். கண்ணாடியின் இரு பக்கமும் ஒரே கோட்டில் கீறி முறித்து, நடுப்படலத்தைச் சூடாக்கி இளக்கிப் பிளேடால் அறுப்பார்கள். பிறகு விளிம்பை நீர் விட்டுத் தேய்ப்பார்கள். அங்கே மயிரிழைப் பிளவு மிஞ்சினாலும், ஓட்டத்தின் அதிர்வில் அது கண்ணாடி முழுக்கப் பரவிவிடும். உலோகச் சட்டம் கண்ணாடியை நேராகத் தொடக் கூடாது. இடையில் மெத்தென்ற பட்டை வேண்டும்.

சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்த கடினக் கண்ணாடியை இப்படி வெட்ட முடியாது, முறிக்கும்போதே பொடிப்பொடியாகும்.

சற்றுக் குனிந்து பாருங்கள். இந்தக் குறுகிய இடைவெளி வழியாகத்தான் ஓட்டியவர் முன்னே விரிந்த வறண்ட ஏரிப்படுகையைப் பார்த்தார்.